தேயிலைத் தோட்டத்தில் மூப்பு: உழைப்பு முறையும் தேய்ந்த உடலும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

மனிதன் மூப்படைதல் இயற்கை நியதி என்பர். பிறந்த உடல் வளர்ந்து தளர்ந்து மாயும் என்பதில் ஐயமில்லை. எனினும் எந்த உடல் எப்போது தளர்கிறது, எந்த உறுப்பு முதலில் தேய்கிறது, தளர்ந்த உடலை யார் தாங்குகின்றனர் என்னும் வினாக்களுக்கு இயற்கையை மட்டும் கொண்டு விடை காண இயலாது. கொழும்பில் அலுவலகம் ஒன்றிற் பணியாற்றி ஓய்வூதியத்துடன் வீடு திரும்பும் எழுதுவினைஞரும், டிக்கோயாச் சரிவொன்றில் நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து முழங்காலை மடிக்க மாட்டாது லயத்துக்குத் திரும்பும் தொழிலாளிப் பெண்ணும் ஒரே ஆண்டிற் பிறந்தவராக இருக்கலாம். ஆயினும் அவர்களுடைய மூப்பு ஒன்றன்று. முன்னவருக்கு அது வாழ்க்கையின் ஒரு பருவம்; பின்னவருக்கு அது உழைப்பு முறையின் விளைவு.

தொழிலுக்கும் உடற் கேட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் மரபு புதியதன்று. இத்தாலிய மருத்துவரான ரமாசினி 1700 ஆம் ஆண்டிலேயே கைவினைஞரின் நோய்கள் பற்றித் தனி நூல் எழுதினார். நோயாளியிடம் நீ என்ன தொழில் செய்கிறாய் என வினவுதல் மருத்துவரின் கடமை என்பது அவர் வகுத்த நெறி. 1845 இல் வெளிவந்த, இங்கிலாந்துத் தொழிலாள வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில் எங்கெல்ஸ், ஆலைகளில் உழைத்தோர் நடு வயதிலேயே கிழவராயினர் என்பதை மருத்துவர்களின் சாட்சியங்களிலிருந்தே நிறுவிக் காட்டினார். மார்க்ஸின் மூலதனம் நூலின் முதற் பாகம் 1867 இல் வெளியாயிற்று. வேலை நாளை எல்லையின்றி நீட்டும் மூலதனம் தொழிலாளியின் உழைப்புச் சக்தியை உரிய காலத்துக்கு முன்னரே வற்றச் செய்கிறது என்பது அதன் முக்கியமான முடிபுகளுள் ஒன்று. அதே 1867 ஆம் ஆண்டிலேயே கண்டி மாவட்டத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓராண்டில் அமைந்தமை தற்செயலே. ஆயினும் ஒன்று கோட்பாடாகக் கூறியதை மற்றொன்று நம் மலைச் சரிவுகளில் ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக நடைமுறையிற் காட்டி வந்துள்ளது.

மலையகத் தொழிலாளரின் வரலாறு பற்றிய ஆய்வுகள் குடிபெயர்வு, கங்காணி முறை, சம்பளம், குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளன. அவ்வாய்வுகளில் தொழிலாளி பெரும்பாலும் வேலை செய்யக்கூடிய ஆளாகவே தோன்றுகிறான். வேலை செய்து முடித்த ஆள் அவற்றில் அருகியே இடம்பெறுகிறான். நுவரெலியா, தலவாக்கலை, அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய உயர்மலைப் பகுதித் தோட்டங்களை மையமாகக் கொண்டு, அவ்வாறு விடுபட்டுப்போன முதிய தொழிலாளியின் உடலை வரலாற்றுப் பொருளாக நோக்க இக்கட்டுரையில் நாம் முற்படுகிறோம்.

2

கோப்பிக் காலத்தில் முதிய தொழிலாளி என்னும் பிரச்சினை தோட்டத்துரைமாருக்கு இருக்கவில்லை. கோப்பி பருவகாலப் பயிர். அறுவடைக் காலத்தில் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய நெடுவழியில் நடந்தே மலையேறினர். அப்பயணமே வலிமை குன்றியோரை வடித்தெடுக்கும் சல்லடையாயிற்று. வழியில் மாண்டோர் பலர். தோட்டத்தை அடைந்தோர் பெரும்பாலும் இளம் ஆண்கள். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்களைப் பெற்று வளர்த்த செலவைத் தமிழகக் கிராமம் ஏற்றது. நோயுற்றும் முதிர்ந்தும் திரும்பியவர்களைத் தாங்கிய செலவையும் அக்கிராமமே ஏற்றது. இடைப்பட்ட வலிமையான ஆண்டுகளை மட்டும் தோட்டம் எடுத்துக்கொண்டது. மேற்கு ஆபிரிக்கச் சமூகங்களை ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளரான மெய்யசூ, குடியேற்ற நாட்டு முதலாளித்துவம் உழைப்புச் சக்தியை உருவாக்கும் செலவையும் பேணும் செலவையும் கிராமக் குடும்பத்தின் தலையிற் சுமத்துகிறது என 1975 இல் எழுதினார். அவருடைய விளக்கம் நமது கோப்பிக் காலத்துக்குப் பெரிதும் பொருந்துவதாகும்.

1869 இல் தோன்றிய இலைநோய் அடுத்து வந்த ஆண்டுகளிற் கோப்பியை அழித்தது. 1880 களில் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியபோது உழைப்பின் காலக் கணக்கும் மாறியது. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஒரு மலையிற் கொழுந்து பறித்த பின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மீண்டும் அதே மலைக்கு வரவேண்டும். ஆகவே பருவகால ஆண்களிலும் பார்க்க நிலையாகத் தங்கும் குடும்பங்களே தோட்டத்துக்கு வேண்டப்பட்டன. பெண்கள் கொழுந்து பறிக்கவும், ஆண்கள் கவ்வாத்து வெட்டவும் கான் வெட்டவும், பிள்ளைகள் சில்லறை வேலை செய்யவும் அமர்த்தப்பட்டனர். குடும்பம் முழுமையாக உழைப்பினுள் இழுக்கப்பட்ட அக்கணத்திலேயே முதியோரும் தோட்டத்துக்கு உரியவராயினர். லயத்திற் பிறந்து, லயத்தில் வளர்ந்து, லயத்திலேயே முதுமை எய்தும் சமூகம் ஒன்று உருவாயிற்று.

ஆயினும் சட்டமும் நிருவாகமும் இம்மாற்றத்தைக் காண மறுத்தன. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிற் சட்டம், வேலையை விட்டு நீங்குதலையும் வேலையிற் கவனமின்மையையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. தொழிலாளியைக் கடனால் தோட்டத்தோடு பிணைத்த துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. இந்திய அரசின் 1922 ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தை அடுத்து, 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. அச்சட்டத்தின் கீழ் 1929 இல் உயர்மலைத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் ஆகும். உலகப் பொருளாதார மந்தத்தின்போது இவ்விகிதங்களும் குறைக்கப்பட்டன. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டோரை வேலைக்கு வைத்தலை அச்சட்டம் விலக்கியது. ஆகவே பத்து வயதிலேயே வேலை தொடங்குதல் சட்டத்துக்கு அமைந்ததே.

ஆண், பெண், பிள்ளை என்னும் இம்முப்பிரிவு ஊன்றி நோக்கத்தக்கது. உடலின் வலிமையைக் கொண்டு சம்பளத்தை வகுத்ததாகக் கூறிக்கொண்ட இவ்வட்டவணையில் முதியோர் என்னும் நான்காம் பிரிவுக்கு இடமிருக்கவில்லை. பிள்ளையின் உடல் வளராத உடல் என்பதை முதலாளி அறிவார். அதனாற் குறைந்த சம்பளத்தை விதித்தார். முதியவரின் உடல் தேய்ந்த உடல் என்பதை அவர் அறியாதவரல்லர். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், தேய்த்தவர் யார் என்னும் வினா எழும். ஆதலின் முதியவர் ஒன்றில் முழு ஆளாக நின்று வேலையை முடிக்கவேண்டும். அன்றேல் ஆளே அல்லராதல் வேண்டும்.

இந்திய அரசு 1939 ஓகஸ்ட் 1 ஆம் திகதி முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. கிராமத்திலிருந்து புதிய இளம் உடல்களைப் பெறும் வழி இதனால் அடைபட்டது. தேய்ந்த உடல்களைக் கிராமத்துக்குத் திருப்பும் வழியும் தலைமுறைகள் மாறமாற இயல்பாகவே அற்றுப்போயிற்று. அதன் பின்னர் தோட்டம் தனக்கு வேண்டிய உழைப்பாளரை லயத்திலிருந்தே பெற்றது. ஆயினும் முதியோரைத் தாங்கும் பொறுப்பை அது ஏற்கவில்லை. முன்னர்க் கிராமம் சுமந்ததை இப்போது லயத்திலுள்ள குடும்பம் சுமந்தது.

3

தொழிலாளியின் உடல் எவ்வாறு தேய்கிறது என்பதை அறிய உழைப்பு நிகழும் முறையை நுணுகி நோக்கவேண்டும். உயர்மலைத் தேயிலை எனப்படுவது சுமார் 4000 அடிக்கு மேற்பட்ட நிலத்தில் விளைவது. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 6100 அடி உயரத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகள் மழையிலும் பனிமூட்டத்திலும் அமிழ்ந்திருக்கும். தேநீருக்கு நறுமணத்தையும் கம்பனிக்கு நல்விலையையும் தருவன இந்தக் குளிரும் உயரமும் சரிவுமே. அவையே தொழிலாளியின் மூட்டுகளையும் மூச்சையும் தாக்குகின்றன. ஏலத்தில் உயர்மலைத் தேயிலை என விற்கப்படும் பண்டத்தின் சிறப்பியல்பும், அதைப் பறித்தவளின் முழங்கால் வலியும் ஒரே புவியியலின் இரு பக்கங்கள்.

காலையில் பெரட்டுக்களத்திற் பெயர் கொடுத்தபின் பெண்கள் மலைக்கு ஏறுகின்றனர். இடுப்பில் படங்கு கட்டி, தலையிற் கொங்காணி போட்டு, கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிடுவர். அண்மைக் காலத்தில் பல தோட்டங்களிற் கூடையின் இடத்தைச் சாக்கு பிடித்துள்ளது. கொள்கலம் மாறினும் சுமையின் முறை மாறவில்லை. சுமை முழுவதும் கழுத்தெலும்பின் வழியாக முதுகுத்தண்டில் இறங்குகிறது. கைகள் இரண்டும் பறிப்பதற்காக ஓய்வின்றி முன்னே நீள்கின்றன. எனவே கழுத்து முன்னே வளையவும் முதுகு பின்னே இழுக்கவும் உடல் இருவேறு திசையிலான விசைகளுக்கு உட்படுகிறது. கால்களோ சரிவிற் சமமாக ஊன்றுவதில்லை. ஒரு கால் மேலும் மற்றது கீழுமாக நின்று, கான்களைத் தாண்டி, கல்லிலும் சேற்றிலும் வழுக்காது நிரை பிடித்துச் செல்லவேண்டும். காலை, நண்பகல், மாலை என நாளில் மூன்று முறை நிறுவைக்காக நிறைந்த கூடையுடன் இறங்கி ஏறவேண்டும். மழை நாளில் நனைந்த கொழுந்தின் பாரம் கூடுகிறது. நீருக்கெனக் கணக்கிற் கழிக்கப்படும் எடை முதுகிலிருந்து கழிக்கப்படுவதில்லை.

பல தோட்டங்களில் முழுப் பேருக்குரிய அளவாக 18 கிலோ கொள்ளப்பட்டு வந்துள்ளது. நாளொன்றுக்கு 18 கிலோ, ஆண்டொன்றுக்கு 250 நாள் எனக் கொண்டு நாம் ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டொன்றுக்கு 4500 கிலோ. நாற்பது ஆண்டில் 180,000 கிலோ. ஒரு பெண்ணின் கழுத்தும் முதுகும் முழங்காலும் நூற்றெண்பது தொன் பச்சைக் கொழுந்தை மலையிலிருந்து இறக்கியுள்ளன. கைக்காசுக்காகப் பறித்த மேலதிகக் கொழுந்தும், தலையிற் சுமந்த விறகும் தண்ணீரும், வயிற்றிற் சுமந்த பிள்ளைகளும் இக்கணக்கில் அடங்கா.

ஆண்களின் தேய்வு வேறு வகைப்பட்டது. கவ்வாத்து வெட்டுபவர் இடுப்பளவிலும் தாழ்ந்த செடியின் மேல் நாள் முழுவதும் குனிந்து நின்று, வளைந்த கத்தியால் முற்றிய கிளைகளை ஒரே வீச்சில் அறுக்கவேண்டும். வெட்டு பிசகினால் மரம் பழுதாகும். இத்தனை செடி என்னும் கணக்கு அவரைத் துரத்துகிறது. முள்ளுக் குத்துதல், கான் வெட்டுதல் ஆகியன இடுப்பையும் தோளையும் தாக்குகின்றன. மருந்தடிப்பவர் சுமார் 16 லீற்றர் கொள்ளும் தாங்கியை முதுகிற் சுமந்து, நச்சுப்புகாரின் நடுவே சரிவில் ஏறுகிறார். தொழிற்சாலையிற் பணியாற்றுவோருக்குத் தேயிலைத் தூசும் இரவு வேலையும் உண்டு.

இவ்விடத்திற் பேர் என்னும் சொல்லின் பொருளை ஆராய்தல் பொருத்தமாகும். தோட்டத் தமிழில் பேர் என்பது ஒரு நாளின் முழு வேலைக்கான பதிவு. குறித்த அளவை நிறைவேற்றினாற் பேர் விழும். தவறினால் அரைப் பேர். மனிதனின் பெயரும் அவனது நாட்கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இவ்வழக்கு, சமூகமொன்றின் உற்பத்தி உறவு அதன் மொழியில் எவ்வாறு பதிகிறது என்பதற்குத் தெளிவான சான்று. இருபது வயதுப் பெண்ணுக்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் பேரின் அளவு ஒன்றே. முன்னவள் பிற்பகலுக்குள் அதனை முடித்துக் கைக்காசும் தேடக்கூடும். பின்னவள் அதே அளவை எட்டுவதற்கு உணவு வேளையைச் சுருக்கி, மகளின் கொழுந்திற் சிறிது கடன் பெற்று, வலியைப் பொறுத்து நிற்கவேண்டும். அளவு சமமாக இருப்பது நீதி போலத் தோன்றலாம். தேய்வு சமமாக இல்லாதவிடத்து அளவின் சமத்துவம் அநீதியாகவே முடிகிறது. 2021 இல் சம்பள நிர்ணயச் சபையின் வழியாக நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டதன் பின்னர், பல கம்பனிகள் பறிக்கவேண்டிய அளவை 20 கிலோவும் அதற்கு மேலுமாக உயர்த்தின. அதனால் எழுந்த தகராறுகளில் மிகுதியும் தாக்கப்பட்டோர் முதியோரே. சம்பள உயர்வின் விலை முதிய உடலிலிருந்து வசூலிக்கப்பட்டது எனலாம்.

4

உழைப்பு உடலைத் தேய்க்கிறது. உணவும் ஓய்வும் உறையுளும் அதனை ஈடுசெய்யவேண்டும். தோட்டத்தில் இவ்வீடு செய்தல் நடைபெறவில்லை. லயக் காம்பரா ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு திண்ணையுமாக அமைக்கப்பட்டது. தனித்து வந்து திரும்பும் ஆண்களை மனங்கொண்டு வகுக்கப்பட்ட அமைப்பில் மூன்று தலைமுறைகள் வாழ நேர்ந்தது. விறகடுப்பின் புகை வெளியேற வழியில்லை. பகலில் மழையில் நனைந்து திரும்பும் பெண் இரவிற் புகையிடையே சமைக்கிறாள். குளிர்ந்த சீமெந்துத் தரையிற் படுக்கும் முதியவரின் மூட்டுக்கு இரவும் ஓய்வாக அமைவதில்லை.

நோய்களுள் கொக்கிப் புழு நோய் வரலாற்று முக்கியத்துவம் உடையது. மலகூட வசதியற்ற லயங்களைச் சூழ்ந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடந்தோரின் பாதத்தின் வழியே புழு உடலுட் புகுந்து குருதியை உறிஞ்சியது. 1910 களின் நடுப்பகுதியில் றொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் இந்நோய்க்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியது. சோகையுற்ற தொழிலாளி குறைவாக உழைக்கிறான் என்னும் கணக்கே தோட்ட முதலாளிகளை அவ்வியக்கத்துக்கு இணங்கச் செய்தது. மாத்திரை கொடுத்தல் மலிவானது. மலகூடம் கட்டுதல் செலவு மிக்கது. எனவே மருந்து பரவிய வேகத்தில் சுகாதாரம் பரவவில்லை. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டங்கள் தோட்ட மருத்துவத்தை ஒழுங்குபடுத்தியபோதும் அவற்றின் நோக்கம் தொழிலாளியை மலைக்குத் திருப்பி அனுப்புவதாகவே இருந்தது. காய்ச்சலும் வயிற்றோட்டமும் ஒருவனை வேலையினின்று நிறுத்துவதால் அவை நோய்களாகக் கருதப்பட்டன. முதுகு வலியும் முழங்கால் வலியும் வேலையை உடன் நிறுத்துவதில்லை. மெல்ல மெல்லக் குறைக்கின்றன. அதனால் அவை நோயாகக் கொள்ளப்படாது வயதின் குற்றமாகக் கொள்ளப்பட்டன.

வலியைத் தாங்குவதற்குத் தொழிலாளர் தாமே வழி தேடினர். வெற்றிலையும் புகையிலையும் பசியையும் குளிரையும் மறக்கச் செய்தன. சாராயம் மூட்டு வலியை ஓரிரவு மறக்கச் செய்தது. இவற்றை ஒழுக்கக் கேடாகவே கண்டு உபதேசித்தோர் பலர். வலியின் தோற்றுவாயை நோக்காது அதனைத் தணிக்கும் வழியை மட்டும் கண்டித்தல் வர்க்கச் சார்புடைய ஒழுக்க நோக்காகும். வாய்ப் புற்றுநோயும் ஈரல் நோயும் அம்மறதிக்காக உடல் செலுத்திய வட்டி.

5

முதிய தொழிலாளியின் நிலையை அரசியல் வரலாற்றினின்று பிரித்து நோக்க இயலாது. 1931 இல் கோ. நடேசையர் அட்டனில் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். இப்போராட்டங்களின் பேறாகச் சங்க உரிமையும், 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைத்தன. வேலை நேரமும் நாட்கூலியும் பேச்சுவார்த்தைக்கு உரிய பொருள்களாயின. வேலைக்குப் பின்னான வாழ்வு பேச்சுவார்த்தைக்கு வரும் முன்னர் மற்றொரு தாக்குதல் நிகழ்ந்தது. 1947 தேர்தலில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த சட்டங்களாலும் நாடற்றவராயினர். நாடு இல்லாதவர் முதுமைக்கான சமூக நலனை எந்த அரசிடம் கேட்பது?

1964 அக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். இலக்கங்களாற் செய்யப்பட்ட இப்பங்கீடு குடும்பங்களைப் பிளந்தது. ஒரு லயத்தில் தந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மகனுக்கு இலங்கைக் குடியுரிமையும் வாய்த்தன. நாற்பது ஆண்டு உழைத்த முதியவர் ஒருவர், தாம் பிறவாத அல்லது மறந்துவிட்ட ஊருக்குக் கப்பலேறியபோது, அவர் உடலை உண்ட நாடு ஒன்றாகவும் அவ்வுடலைத் தாங்கவேண்டிய நாடு வேறொன்றாகவும் ஆயின. கோப்பிக் காலத்து ஏற்பாடு ஒப்பந்த வடிவில் மீண்டும் வந்தது என நாம் கொள்வதில் தவறில்லை. இந்தியா சென்றோருட் பலர் நீலகிரியில், 1976 இல் அமைந்த தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களில் அதே கொழுந்தை மீண்டும் பறித்தனர். மலை மாறியது; சுமை மாறவில்லை.

1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பட்டினிச் சாவுகளை விளைவித்தது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. வேலை நாள்களும் குறைந்தன. விவசாயக் கிராமத்துக்கு ஒரு துண்டுக் காணியேனும் இருந்தது; லயத்துக்கு அதுவும் இல்லை. உழைக்கும் பேர் இல்லாத வாய் அடுப்பங்கரையில் இறுதியாகவே உணவு பெற்றது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை இருமுறை கைமாறியபோதும் கூடையின் கயிறு உச்சந்தலையிலேயே இருந்தது. உடைமை மாற்றம் உழைப்பு முறையின் மாற்றமாக வளராதவிடத்துத் தொழிலாளியின் உடலுக்கு விடிவு இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

6

வேலையின் முடிவைச் சட்டம் எவ்வாறு வரையறுத்தது என்பதை அடுத்து நோக்குவோம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கும் பயன்பட்டமை பெரும் முன்னேற்றம். 1980 இல் ஊழியர் நம்பிக்கை நிதியும், 1983 இல் பணிக்கொடைச் சட்டமும் வந்தன. நாட்கூலி பெறுவோருக்குச் சேவையாண்டு ஒன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம் என்பது பணிக்கொடையின் அளவு. இவை யாவும் ஒருமுறை வழங்கப்படும் தொகைகள். மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அல்ல. பெற்ற தொகை மகளின் திருமணத்திலும், பழைய கடனிலும், கூரைத் தகரத்திலும் கரைந்துவிடுகிறது. அரச முகாமையின் கீழிருந்த சில தோட்டங்களில் இத்தொகைகளே நிலுவையாக நின்றதும் நாடறிந்த செய்தி.

சேமலாப நிதியைப் பெறும் வயது ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என வகுக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. முதலாளி விரும்பியபோது முதியவரை வெளியேற்றுதலை இது தடுப்பதால் வரவேற்கத்தக்கது. ஆனால் நாற்காலியில் அமர்ந்து செய்யும் தொழிலுக்கும் சரிவில் நின்று செய்யும் தொழிலுக்கும் வயது ஒரே பொருளைத் தருவதில்லை. அறுபது வரை வேலை செய்யும் உரிமை, அறுபது வரை 18 கிலோ பறிக்கும் கடப்பாடாகுமாயின் உரிமை சுமையாகிறது.

பெண்ணின் நிலை இன்னும் கொடிது. பெருந்தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான சம்பளம் 1984 இல்தான் வந்தது. அதற்கு முன் உழைத்த பெண்ணின் சேமலாப நிதி, குறைந்த சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்ட குறைந்த தொகையாகவே சேர்ந்தது. இளமையில் இழைக்கப்பட்ட சம்பள அநீதி முதுமையில் மீண்டும் ஒருமுறை இழைக்கப்படுகிறது. வேலை நீங்கிய பின்னும் அவளுக்கு ஓய்வில்லை. வேலைக்குச் செல்லும் மகளின் குழந்தையைப் பார்ப்பதும் விறகு பொறுக்குவதும் அவள் கடமைகள். ஊதியமற்ற இவ்வுழைப்பின்றி அடுத்த தலைமுறை மலைக்குச் செல்ல இயலாது.

1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் விபத்துக்கு நட்டஈடு வழங்குகிறது. கவ்வாத்துக் கத்தி விரலைத் துண்டித்தால் அது விபத்து. நாளும் நேரமும் சாட்சியும் உண்டு. நாற்பது ஆண்டுகளில் முழங்காற் குருத்தெலும்பு தேய்ந்துபோனால் அதற்கு நாளும் இல்லை, சாட்சியும் இல்லை. கணத்தில் நிகழும் கேட்டைச் சட்டம் காண்கிறது. காலத்தில் நிகழும் கேடு அதன் கண்ணிற் படுவதில்லை. உழைப்பின் சுரண்டல் காலத்திலேயே நிகழ்வது என்பதை நினைவு கொண்டால் இக்குருட்டுத்தன்மை தற்செயலன்று என்பது புலனாகும்.

இவற்றோடு வீட்டுப் பிரச்சினையும் பிணைந்துள்ளது. லயக் காம்பரா தொழிலாளியின் உடைமையன்று. தோட்டத்தில் வேலை செய்வதோடு கட்டப்பட்ட குடியிருப்பு. வீட்டில் எவரும் தோட்டத்தில் வேலை செய்யாவிடின் அறைக்கான உரிமை ஐயத்துக்கு உள்ளாகிறது. இளைஞர் கொழும்புக்கும் பிற நகரங்களுக்கும் வேலை தேடிச் செல்லும் இக்காலத்தில், அறையைக் காப்பதற்காகவே முதிய தாய் மலைக்கு ஏறுகிறாள். ஓய்வு பெற்றோர் நாட்கூலிக்கு மீண்டும் அழைக்கப்படுவதும் உண்டு. கம்பனிகள் இதனை முதியோருக்குச் செய்யும் உபகாரம் எனக் கூறும். இளையோர் மறுத்துச் சென்ற வேலையை, மறுக்க வழியற்ற முதியோரைக் கொண்டு முடித்தலே அதன் பொருளியல் உண்மை.

7

இலக்கியம் இவ்வுடலைச் சட்டத்துக்கு முன்னரே கண்டுகொண்டது. புதுமைப்பித்தனின் துன்பக்கேணி, 1930 களில், தோட்டத்தில் நோயுற்றுச் சிதையும் பெண்ணைத் தமிழ்ச் சிறுகதையினுட் கொண்டுவந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தமது ஆங்கிலக் கவிதையிலும் தமிழ் நாவல்களிலும் தோட்ட வாழ்வைப் பதிந்ததோடு மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் தொகுத்தார். தெளிவத்தை ஜோசப், என். எஸ். எம். இராமையா முதலியோர் அம்மண்ணிலிருந்தே எழுந்த எழுத்தாளர். இராமையாவின் சிறுகதைத் தொகுதிக்கு ஒரு கூடைக் கொழுந்து எனப் பெயரமைந்தது பொருத்தமானதே. தோட்டத்தில் மனித வாழ்வை அளக்கும் அலகு அதுவாகவே இருந்து வந்துள்ளது. வாய்மொழிப் பாடல்களில் குளிரும், அட்டைக் கடியும், கங்காணியின் ஏச்சும், கால் வலியும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை நாட்டார் கலை என இரசிப்பதோடு நில்லாது, தொழில் நோய்களின் பதிவேடாகவும் வாசித்தல் வேண்டும். மருத்துவ அறிக்கை எழுதப்படாத உடல்கள் தம் அறிக்கையைப் பாட்டாகவே விட்டுச் சென்றுள்ளன.

8

மேற்கூறியவற்றிலிருந்து நாம் சில முடிபுகளுக்கு வருதல் கூடும். தோட்டத் தொழிலாளியின் முதுமைத் தளர்ச்சி வெறும் வயதின் விளைவன்று. சரிவு, சுமை, அளவு, லயம், குறையூட்டம் ஆகியவற்றின் திரண்ட வரலாறு. அத்தளர்ச்சியைத் தாங்கும் செலவை மூலதனம் எப்போதும் பிறர் மேல் தள்ளியே வந்துள்ளது: முதலிற் கிராமத்தின் மேல், பின் குடும்பத்தின் மேல், இடையில் அயல்நாட்டின் மேல். சட்டம் தொழிலாளியை வேலைசெய்யும் ஆளாக மட்டுமே கண்டதால், அவனுடைய தேய்வுக்கு யார் பொறுப்பு என்னும் வினா எழவேயில்லை.

அவ்வினாவை எழுப்புவதே இன்றைய தேவை. முதியோருக்குப் பேரின் அளவைக் குறைத்து முழுச் சம்பளம் வழங்குதல், நாற்றுமேடை முதலிய இலகுவான வேலைகளை அவர்களுக்கு உரிமையாக ஒதுக்குதல், கழுத்தின் மேல் ஏறும் சுமையை நீக்கும் வகையிற் கொள்கலத்தை மாற்றுதல், மூட்டுத் தேய்வையும் முதுகுக் கேட்டையும் தொழில் நோய்களாகச் சட்டத்தில் ஏற்றல், மாதாந்த ஓய்வூதியம், வேலையோடு பிணைக்கப்படாத வீடும் காணியும் ஆகியன பிச்சையாகக் கேட்கப்படுவன அல்ல. 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாயிற்று. சம்பளத்துக்காகச் சங்கங்கள் நடத்திய நெடிய போராட்டத்தின் மதிப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் நாளுக்கு எத்தனை ரூபா என்பதோடு, அந்த நாளுக்காக உடலின் எத்தனை நாள் செலவாகிறது என்பதும் பேச்சுவார்த்தை மேசைக்கு வரவேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டாக இந்நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும் பங்கு அம்மலைச் சரிவுகளிலிருந்து வந்துள்ளது. அச்செல்வம் வங்கிக் கணக்குகளிலும் துறைமுகத்திலும் நெடுஞ்சாலைகளிலும் உருமாறி நிற்கிறது. அதனைத் தேடித் தந்தோரின் பங்கு, வளைந்த முதுகாகவும் மடங்காத முழங்காலாகவும் லயத்துத் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறது. வரலாறு எழுதுவோர் முன்னதைக் கணக்கிட்டுப் பின்னதை விட்டுவிடுவாராயின் அக்கணக்கு முதலாளியின் செக்றோலினின்று வேறுபட்டதாகாது.